ஜோடி வாங்கினால் போதும் என்பது தவறு: வீட்டில் டிஸ்கஸ் மீன் இனப்பெருக்கம்

டிஸ்கஸ் மீனை வீட்டிலேயே இனப்பெருக்கம் செய்து விற்பது சிரமமில்லாத உபதொழில் என்ற கருத்து வண்ணமீன் வளர்ப்போரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. தேறிய ஜோடி ஒன்றை வாங்கி இரண்டடித் தொட்டியில் விட்டால் போதும், வாரத்துக்கு ஒருமுறை முட்டையிடும், ஒவ்வொரு முறையும் நூறு இருநூறு குஞ்சு வரும் என்பார்கள். தாயும் தகப்பனும் தங்கள் உடம்பில் சுரக்கும் சளியையே குஞ்சுகளுக்கு ஊட்டிவிடுவதால் வளர்ப்பவருக்குப் பெரிய வேலை இல்லை, இரண்டே மாதத்தில் குஞ்சைக் காசாக்கிவிடலாம் என்பதும் அதன் தொடர்ச்சி. போடிநாயக்கனூர் (போடி) போன்ற மலையடிவார ஊருக்கு இன்னொரு வாதமும் சேர்ந்துகொள்கிறது. டிஸ்கஸுக்கு வேண்டியது மென்மையான நீர், மலையிலிருந்து இறங்குவது மென்மையான நீர், ஆகவே ஏலமலைச் சரிவு இந்த மீனுக்கென்றே அமைந்த இடம் என்பது அந்த வாதம்.

இந்தப் பேச்சின் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் அது நம்பப்படுகிறது. துண்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் வரும் முடிவு தவறானது. அந்தத் தவறுக்கு விலையாகப் போவது ஒரு குடும்பத்தின் சேமிப்பு மட்டுமல்ல, வாயில்லாத உயிர்கள் நூற்றுக்கணக்கில் மெதுவாகச் சாகின்றன. ஆகவே இதை வரிசையாக எடுத்து மறுப்பது அவசியம்.

டிஸ்கஸ் அமேசான் படுகையின் மீன். ஆஸ்திரிய விலங்கியலாளர் யோஹான் யாகோப் ஹெக்கல் 1840-இல் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். அவர் பெயரால் இன்றும் அழைக்கப்படும் ஹெக்கல் டிஸ்கஸ் ரியோ நீக்ரோ ஆற்றுப் பகுதியில் வாழ்கிறது. அங்கே நீர் தேநீர் நிறத்தில் கறுத்திருக்கும், அமிலத்தன்மை மிகுந்திருக்கும், சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய இல்லாமலே இருக்கும். இந்தியக் கடைகளில் விற்பவை பெரும்பாலும் இந்தக் காட்டு மீன்கள் இல்லை. ஜெர்மனி, அமெரிக்கா, மலேசியா, தாய்லாந்து என்று பல நாட்டுப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட ரகங்கள் அவை. ஆகவே ஓரளவு கடினமான நீரிலும் அவற்றால் வாழ முடிகிறது. இதை வைத்துக்கொண்டு 'இப்போதைய டிஸ்கஸ் எந்தத் தண்ணீரையும் தாங்கும்' என்று சொல்லப்படுகிறது. வளர்ந்த மீன் தாங்கும் என்பது சரி, அதன் முட்டை தாங்காது. கடின நீரில் முட்டைகள் கருவுறுவதும் பொரிப்பதும் குறைந்துபோகின்றன. உயிரோடு வைத்திருக்கப் போதுமான நீரும் இனம்பெருக்கப் போதுமான நீரும் வெவ்வேறு என்பதை மறைத்துவிடுவதில்தான் இந்தக் கருத்தின் முதல் கோளாறு தொடங்குகிறது.

அடுத்தது ஜோடி. டிஸ்கஸில் ஆண் எது, பெண் எது என்று வெளித்தோற்றத்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. முட்டையிடும் வேளையில் வயிற்றடியில் சிறு குழாய் ஒன்று வெளியே நீளும். பெண்ணுக்கு அது தடித்து மழுங்கியும் ஆணுக்கு மெலிந்து கூராகவும் இருக்கும். அந்த ஒரு சில மணி நேரம்தான் தெளிவான அடையாளம். இரண்டு பெண் மீன்கள் ஜோடி சேர்ந்து முட்டையிட்டு, மாறி மாறிக் காவல் காப்பதும் உண்டு. அந்த முட்டைகள் எல்லாம் மூன்றாம் நாள் வெள்ளையாகிப் பூஞ்சை பிடிக்கும்போதுதான் விஷயம் விளங்கும். நேர்மையான வழி, எட்டுப் பத்து இளமீன்களை வாங்கி ஒன்றாக வளர்த்து அவையே துணை தேடிக்கொள்ள விடுவது. முதிர்ச்சிக்கு ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு பிடிக்கும். தேறிய ஜோடி என்று சொல்லி விற்கப்படுவதை வாங்குவது குறுக்குவழி. ஆனால் நன்றாகக் குஞ்சு வளர்க்கும் ஜோடியை ஒருவர் எதற்காக விற்கிறார் என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் பணத்தை எடுக்கக் கூடாது. வயது போன ஜோடி, முட்டை தின்னும் ஜோடி, நோய் சுமக்கும் ஜோடி ஆகியவைதான் எளிதில் விலைக்கு வரும். கட்டைவிரல் அளவிலேயே முழு நிறம் காட்டும் குஞ்சுகளையும் ஒதுக்க வேண்டும். நிறத்துக்காக ஹார்மோன் ஊட்டப்பட்ட மீன்கள் பின்னாளில் இனப்பெருக்கத்துக்கு உதவாமல் போகக்கூடியவை.

வாரத்துக்கு ஒருமுறை முட்டையிடும் என்ற கணக்கே இந்தக் கருத்தின் முதுகெலும்பு. முட்டையிடுவது உண்மைதான். ஆனால் எந்த ஜோடி வாரம்தோறும் முட்டையிடுகிறது? இட்ட முட்டையை இழந்துகொண்டே இருக்கும் ஜோடிதான். முட்டையைத் தின்றுவிட்டாலோ பூஞ்சை பிடித்து அழிந்தாலோ பெண் மீன் ஒரு வாரம், பத்து நாளில் மறுபடியும் தயாராகிறது. குஞ்சு பொரித்து வளர்க்கும் ஜோடி அந்தப் பணியில் மூன்று, நான்கு வாரம் இருக்கும், அதன்பின் ஓய்வும் நல்ல தீனியும் கொடுத்தால்தான் உடல் தேறும். ஆக, வாரத்தின் எண்ணிக்கையையும் குஞ்சின் எண்ணிக்கையையும் பெருக்கிப் போடும் வருமானக் கணக்கு ஒன்றையொன்று வெட்டும் இரண்டு எண்களைப் பெருக்குகிறது. முட்டை அடிக்கடி வந்தால் குஞ்சு இல்லை, குஞ்சு வந்தால் முட்டை அடிக்கடி வராது. முதல் சில ஈடுகளை இளம் ஜோடிகள் தின்றுவிடுவதும் வழக்கமானதே. அதைக் கண்டு பதறி முட்டையைப் பிரித்தெடுப்பவர்கள், மீன் பெற்றோராகப் பழகும் வாய்ப்பையே எடுத்துவிடுகிறார்கள்.

பெற்றோரே ஊட்டுவதால் வளர்ப்பவருக்கு வேலையில்லை என்ற வாதம் எல்லாவற்றிலும் பெரிய பிழை. அது நேர்த் தலைகீழான முடிவு என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

மாலை வேளையில், செங்குத்தாக நிற்கும் மண்கூம்பின் மீதோ கண்ணாடியின் மீதோ பெண் மீன் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டுகிறது. ஆண் மீன் பின்தொடர்ந்து விந்து பாய்ச்சுகிறது. இரண்டும் துடுப்பால் விசிறி விசிறி முட்டை மேல் நீரோட்டம் கொடுக்கின்றன. 28 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரண்டரை நாளளவில் பொரிக்கிறது. பொரித்த குஞ்சு நீந்தாது. தலையிலுள்ள பசையால் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் துடிக்கும். உதிர்ந்து விழுவதைப் பெற்றோர் வாயில் கவ்வி மறுபடியும் ஒட்டவைக்கும். மேலும் இரண்டு மூன்று நாள் கழித்து நீந்தத் தொடங்கும்போது அவை போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், பெற்றோரின் விலாப்பக்கம். அங்கே சுரக்கும் சளியே அவற்றின் முதல் உணவு. 1959-இல் அமெரிக்க ஆய்வாளர் டபிள்யூ. எச். ஹில்டெமான் இந்தப் பழக்கத்தை அறிவியல் கட்டுரையாக்கினார். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, இனப்பெருக்கக் காலத்தில் இந்தச் சளியில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் கூடுகின்றன என்று காட்டியது. முதல் இரண்டு வாரம் பெற்றோர் குஞ்சுகளை விட்டு விலகுவதே அரிது. மூன்றாவது வாரத்திலிருந்து சிறிது சிறிதாக விலகி நீந்தி அவற்றைப் பால் மறக்கடிப்பதுபோல் பழக்குகின்றன.

இதன் பொருள் என்ன? கப்பியின் குஞ்சையோ பொன்மீன் குஞ்சையோ முதல் நாளே பிரித்து வேறு தொட்டியில் வளர்க்கலாம். டிஸ்கஸ் குஞ்சை அப்படி எளிதாகப் பிரிக்க முடியாது. ஆகவே அந்த இரண்டு பெரிய மீன்களின் உடல்நலம், மனநிலை, தொட்டியின் அமைதி எல்லாம் சேர்ந்துதான் குஞ்சின் உணவாகிறது. பெற்றோரில் ஒன்று தீனி எடுக்காமல் நின்றால் சளி குறையும். கதவு அடிபடும் சத்தத்தில், விளக்கு சட்டென்று எரிவதில், அந்நியர் வந்து கண்ணாடியைத் தட்டுவதில் ஜோடி மிரண்டால் ஒரே நிமிடத்தில் நூறு குஞ்சையும் விழுங்கிவிடும். ஆணும் பெண்ணும் குஞ்சுக்காகச் சண்டையிட்டால் ஒன்றைப் பிரிக்க வேண்டும். எப்போது பிரிப்பது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். நீந்தத் தொடங்கிய முதல் இரவு குஞ்சுகள் பெற்றோரைத் தவறவிட்டால் அடுத்த ஓரிரு நாளில் பட்டினியால் சாகும். அதற்காக இரவு முழுவதும் மங்கலான விளக்கு எரிய வேண்டும், நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும், காற்றுக் குமிழியைக் குஞ்சு இழுபடாத அளவுக்கு மட்டுப்படுத்த வேண்டும்.

இதே சளிதான் நோய்க்கும் பாதை. செவுள் புழுக்கள் வளர்ந்த மீனில் சில இருந்தாலும் அது பெரிதாகத் தளர்வதில்லை. ஆனால் குஞ்சுகள் நாள் முழுவதும் அதே உடம்பை மேய்வதால் புழு அவற்றுக்குத் தாவுகிறது, மூன்றாம் நான்காம் வாரத்தில் குஞ்சுகள் ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மேலே வந்து மூச்சு வாங்கிச் சாகின்றன. மருந்து கொடுக்க வேண்டியது அப்போது இல்லை. ஜோடியை முட்டைக்கு விடுவதற்கு வாரங்களுக்கு முன்பே, தனித்தொட்டியில் வைத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

ரகத் தேர்விலும் இதே விதி நிற்கிறது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து வந்து உலகெங்கும் பரவிய பிஜியன் பிளட் ரகமும் அதன் வழிவந்தவையும் கடையில் எளிதில் விலைபோகும் பளிச்சென்ற நிறத்தவை. குஞ்சு காக்கும் காலத்தில் சாதாரண டிஸ்கஸ் உடம்பு கறுக்கும், அந்தக் கருமையைக் கண்டுதான் குஞ்சுகள் தேடி வருகின்றன. கரும்நிறமி குறைந்த இந்த ரகங்களால் அப்படிக் கறுக்க முடியாது. ஆகவே வெளிர்நிறத் தொட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்ளாவிட்டால் குஞ்சு வழிதவறும். சந்தை விரும்பும் நிறமும் வளர்ப்புக்கு ஏற்ற பெற்றோரும் ஒன்றாகக் கிடைப்பதில்லை.

பெற்றோரைத் தவிர்த்து முட்டைத்தூளைத் தட்டில் பூசிச் செயற்கையாக வளர்ப்பவர்களும் உண்டு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை தீனி, ஒவ்வொரு தீனிக்குப் பின்னும் நீர் மாற்றம் என்று இரவும் பகலும் போகும் முறை அது. வேலையைக் குறைக்கும் வழியாக அதை யாரும் சொல்ல முடியாது.

குஞ்சுகள் பெற்றோரோடு இருக்கும்போதே தீனி கொடுக்கும் உழைப்பும் தொடங்கிவிடுகிறது. நீந்தத் தொடங்கி நான்கைந்து நாளிலேயே ஆர்டிமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறாலைப் பொரித்துக் கொடுக்க வேண்டும். ஆர்டிமியா முட்டை உப்புநீரில் பொரிக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும் என்பதால், நாளைய தீனியை இன்றே போட்டுவைக்க வேண்டும், ஒரு நாள் மறந்தால் மறுநாள் பட்டினி. ஒரு நாளைக்கு ஐந்து ஆறு வேளைத் தீனி. அதன்பின் மாட்டு இதயத்தைக் கொழுப்பும் நரம்பும் நீக்கி அரைத்து உறையவைத்த கலவை. டியூபிஃபெக்ஸ் புழு மலிவு, ஆனால் சாக்கடையில் வளர்வது, நோயையும் சேர்த்துக் கொண்டுவரும். தீனி இவ்வளவு என்றால் கழிவும் அவ்வளவு, அதனால்தான் தினசரி நீர் மாற்றம் தவிர்க்க முடியாததாகிறது. முதல் மூன்று மாதத்தில் தீனியோ நீரோ தவறினால் மீன் குறுகிவிடும். வட்டம் நீள்வட்டமாகும், உடம்பு நின்று கண் மட்டும் பெரிதாகும். பின்னால் எவ்வளவு கவனித்தாலும் அது திரும்புவதில்லை. அப்படிப்பட்ட மீனை எந்தக் கடைக்காரரும் வாங்குவதில்லை.

நூறு குஞ்சுக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள தொட்டி ஒன்றைக் கணக்கில் கொள்ளலாம். அதில் சுமார் 300 லிட்டர் நிற்கும். தினமும் பாதி மாற்றினால் 150 லிட்டர், 15 லிட்டர்க் குடத்தில் பத்துக் குடம். அந்தப் பத்துக் குடமும் முந்தின நாளே டிரம்மில் பிடித்து, குளோரின் போகக் காற்றடித்து, தொட்டியின் வெப்பத்துக்குச் சூடேற்றி வைத்ததாக இருக்க வேண்டும். குஞ்சு வளர வளர ஒரு தொட்டி இரண்டாகும். இவற்றோடு ஜோடிக்கு ஒன்று, புதிய மீனைத் தனிமைப்படுத்த ஒன்று, நோயாளிக்கு ஒன்று. ஒரு ஜோடி என்று தொடங்குவது ஓர் அறை நிறையத் தொட்டிகளில் முடியும்.

இங்கேதான் ஊரின் நீரைப் பற்றிய வாதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். கொட்டகுடி ஆறு குரங்கணி மலைகளிலிருந்து இறங்கிப் போடியைத் தொட்டு வைகையில் சேர்கிறது. மலை உச்சியிலுள்ள பாறை சுண்ணாம்புப் பாறை அன்று, அதனால் ஓடையின் மேற்பகுதியில் நீர் மென்மையாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் போடியில் ஒரு வீட்டுக் குழாயில் வருவது குளோரின் கலந்த நகராட்சி நீர். அது போதாத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீர். அடிவாரத்துப் பாறை இடுக்குகளில் நெடுநாள் தேங்கிய இந்த நீரில் உப்பும் சுண்ணாம்பும் ஏறியிருக்கும். குழாய் நீரும் போர் நீரும் மாறி மாறி வரும் வீட்டில் ஒரு வாரத்தின் நீர் மறு வாரத்தின் நீராக இருக்காது. அந்த ஏற்ற இறக்கம் கடினத்தன்மையைவிடக் கேடானது. ஆர்.ஓ. கருவி வைத்து மென்மையாக்கலாம். ஒரு குடம் நல்ல நீருக்கு ஒன்றிலிருந்து மூன்று குடம் வரை கழிவாகப் போகும். கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருவில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் மேலே ஏறி, சரிவிலேயே தொட்டி வைத்தால் என்ன? அங்கே வேறு ஆபத்து காத்திருக்கிறது. சரிவில் விளையும் ஏலக்காய், பூச்சியும் பூஞ்சையும் மிகுதியாகத் தாக்கும் பயிர். இலைப்பேனுக்கும் தண்டு துளைப்பானுக்கும் குயினால்பாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகள் அடிக்கப்படுகின்றன, லாம்டா சைஹலோத்ரின் வகை மருந்துகளும் புழக்கத்தில் உள்ளன. இந்தப் பின்சொன்ன வகை, ஒரு லிட்டர் நீரில் மைக்ரோகிராம் கணக்கில் இருந்தாலே மீனைக் கொல்லும். மழைக்கு முன் அழுகல் நோயைத் தடுக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை தெளிக்கப்படுகிறது. மயில்துத்தத்தில் உள்ள செம்பு மீனுக்கு நஞ்சு. கடின நீரில் சுண்ணாம்புச் சத்து அந்த நஞ்சைப் பெருமளவு மட்டுப்படுத்தும். மென்மையான நீரில் அந்தத் தடுப்பு இல்லை. எந்த மென்மைக்காக மலை ஓடை புகழப்படுகிறதோ அதே மென்மைதான் செம்பைக் கூடுதல் கொடியதாக்குகிறது. மேலே யாருடைய தோட்டத்தில் இன்று மருந்து அடித்தார்கள் என்பது கீழே ஓஸ் போட்டு நீர் பிடிப்பவருக்குத் தெரிய வழியில்லை. மருந்து தெளித்தவர் கைகால் கழுவிய ஓடையில் அரை மணி நேரம் கழித்துப் பிடித்த நீரும் கண்ணுக்குப் பளிங்காகத்தான் தெரியும்.

வெப்பமும் ஒரு கணக்கு. போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டரில் இருக்கிறது. போடிமெட்டு அதற்கு மேல் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். நாளுக்கு 150 லிட்டர் நீரை 22 பாகையிலிருந்து 29 பாகைக்கு ஏற்ற 1.2 யூனிட் மின்சாரம் வேண்டும். மேட்டில் நீர் 16 பாகையில் கிடைத்தால் அதே வேலைக்குச் சுமார் 2.3 யூனிட். இரண்டு மாதத்துக்கு முன்னது 73 யூனிட், பின்னது 136 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மேட்டிலுள்ள வீட்டில் மாற்று நீரைச் சூடேற்றுவதற்கே அது போதாது, தொட்டிகளை இரவு முழுவதும் அதே சூட்டில் வைத்திருப்பது தனிச் செலவு. ஆடி மாதக் காற்றிலும் மழையிலும் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால், குளிர்வதற்குச் சில மணி நேரம் போதும். இன்வெர்ட்டர் காற்றுப் பம்பை ஓட்டும், ஆனால் ஹீட்டர்களை நெடுநேரம் தாங்காது. மலைக்கு மீன் கொண்டுபோவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறும்போது காற்றழுத்தம் குறைந்து, ஆக்சிஜன் அடைத்துக் கட்டிய பை உப்புகிறது. விறைப்பாகக் கட்டிய பை கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் கசியத் தொடங்கும். கீழேயே சற்றுத் தளர்வாகக் கட்டச் சொல்ல வேண்டும்.

வீட்டுத் தொழிலாகத் தொடங்கிச் சென்னைக் கொளத்தூர் வண்ணமீனுக்குப் பெயர் பெற்றதே என்று கேட்கப்படும். கொளத்தூரின் வெற்றி தனி வீட்டின் வெற்றி அன்று. ஒரே பகுதியில் வளர்ப்பவர், கடைக்காரர், புழு விற்பவர், ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துப் பை கட்டுபவர், வெளியூர் வியாபாரி எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். கடலோரச் சென்னையின் இரவுகள் பெரும்பாலும் வெதுவெதுப்பானவை. பம்ப் பழுதானால் பக்கத்து வீட்டில் இன்னொன்று கிடைக்கும். அத்தொழில் வளர்ந்ததும் பொன்மீன், மாலி, கப்பி போன்று எளிதில் பெருகும் மீன்களை எண்ணிக்கையில் வளர்த்ததால். போடியில் ஒரு தெருவில் ஒரே ஒரு வீடு டிஸ்கஸ் வளர்த்தால் அந்தச் சூழலில் எதுவும் அதற்குக் கிடைக்காது. 2023 ஜூன் முதல் சென்னையிலிருந்து போடிக்கு நேரடி ரயில் ஓடுவதால் ஊர் நெருங்கிவிட்டது என்பதும் பயணிக்குத்தான் பொருந்தும். மீன் பையை இரவு முழுவதும் சூடு குறையாமல் கொண்டுவருவது வேறு வேலை.

சந்தையைப் பற்றிப் பேசும்போது ஏலத்தோட்டக்காரர்களுக்குத் தங்கள் பயிரே பாடம். காய் பறித்து, ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்த்தி, மூட்டை கட்டி வைத்தால் விலை வரும்வரை காத்திருக்கலாம். போடியிலும் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் அன்றைய விலை எல்லோர் கண்ணெதிரிலும் நிற்கும். டிஸ்கஸ் குஞ்சுக்கு ஏலக்கூடமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. விற்காத ஒவ்வொரு நாளும் தீனி, நீர், மின்சாரம் போகும், இடம் நெருக்கும், நெருக்கத்தில் வளர்ச்சி நிற்கும். விலை பேசுவது வாங்குபவர்தான். இதில் விற்பனைக்கு ஆகாதவையும் உண்டு. செவுள் மூடி இல்லாதவை, முதுகு வளைந்தவை ஒவ்வோர் ஈட்டிலும் வரும். அவற்றை வாளியோடு கொட்டகுடியில் கொட்டிவிடுவது கொடுமையும் குற்றமும் ஆகும். குளிரில் துடித்துச் சாகும், நோயையும் ஆற்றில் விடும். கிராம்புத் தைலத்தை நீரில் தேவையான அளவு கலந்து உணர்விழக்கச் செய்து வலியின்றி முடிக்கும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த மன உறுதி இல்லாதவர் இனப்பெருக்கத்தில் இறங்கக் கூடாது.

2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லை வண்ணமீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்ச ரூபாய் மதிப்பீடு வைத்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் வைக்கப்பட்டது. நல்ல திட்டம்தான். அதைக் கேட்டுக்கொண்டு நேராக டிஸ்கஸுக்குப் போவதுதான் பிழை. மானியம் தொட்டிக்கும் கொட்டகைக்கும் கிடைக்கும், தினசரி ஆறு வேளைத் தீனிக்கு வீட்டில் ஓர் ஆள் மானியமாக வரமாட்டார். ஏலத்தோட்டக் குடும்பத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஆடி ஆவணியில் தொடங்கித் தை மாசி வரை பறிப்பு நடக்கும் காலத்தில் வீட்டுப் பெரியவர்கள் விடியலில் ஜீப் ஏறிவிடுவார்கள், இருட்டிய பிறகு திரும்புவார்கள். தொட்டி வேலை முழுவதும் வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணின் தலையில் விழும். அவரிடம் கேட்காமலே 'வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்யலாம்' என்று எழுதப்படும் திட்டங்கள் அநியாயமானவை. தினம் 150 லிட்டர் நீர் மாற்றுவது ஒருவரின் அன்றாடத்தில் இரண்டு மூன்று மணி நேரம். கல்யாணம், காரியம், குழந்தைக்குக் காய்ச்சல் எதுவும் அதை ஒத்திப்போடாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கருத்தும் உண்டு. டிஸ்கஸ் இனப்பெருக்கம் பினாங்கு, பாங்காக் பண்ணைக்காரர்களின் ரகசியம், நம்மூரில் முடியாது என்பது அது. அதுவும் தவறு. இதில் ரகசியம் எதுவும் கிடையாது. சுத்தமான நிலையான நீர், 29 பாகை வெப்பம், நோயற்ற பெற்றோர், தவறாத தீனி, தவறாத கண்காணிப்பு, அவ்வளவுதான். மீன் பொருத்தமான நிலையில் தானாகவே முட்டையிடும். தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் அறியாமையாக இருப்பதில்லை. தெரிந்த வேலையைத் தினமும் செய்ய ஆள் இல்லாமல் போவதே காரணம்.

போடியில் இதைச் செய்யத் தகுந்த வீடு உண்டு, தகுந்த காலமும் உண்டு. ஒரே இடத்து நீரைத் தினம் பிடித்துத் தேக்க டிரம் வசதியும், மருந்துக் காற்றும் அடுப்புப் புகையும் வராத தனி அறையும், ஓராண்டுக்கு அதே கடமையைத் தன் விருப்பத்தோடு ஏற்கும் ஒருவரும் அவர் இல்லாத நாளில் பொறுப்பேற்க இன்னொருவரும் உள்ள வீடு அது. பறிப்பு முடிந்த மாசியில் ஜோடியை முட்டைக்கு விட்டால், பங்குனி சித்திரை வெயிலில் அடிவாரத்தில் ஹீட்டர் செலவு குறைவு, தோட்டத்தில் நெருக்கடியும் குறைவு. மாற்றிய நீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். ஆனி பிறப்பதற்குள் குஞ்சுகள் விற்கும் அளவுக்கு வந்திருக்கும், பறிப்பு தொடங்கும் முன் தொட்டிகள் காலியாகிவிடும். ஆண்டுக்கு ஓர் ஈடு, அதிகம் போனால் இரண்டு. அதற்கு மேல் செய்ய நினைப்பவர் வீட்டில் செய்ய முடியாது, பண்ணையாகத்தான் நடத்த வேண்டும். மேட்டில் குடியிருப்பவர்கள் டிஸ்கஸை வளர்க்க விரும்பினால் ஆறு மீன் வைத்து அழகு பார்க்கலாம், இனம்பெருக்க முயலக் கூடாது. இந்த நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் அந்த ஜோடியை வாங்காதீர்கள்.